பையில் தங்கும் அட்டை

நாமக்கல் மாவட்டத் திருச்செங்கோட்டு ‘ரிக்’ வண்டிகள் பல மாநிலங்களுக்கும் சென்று ஆழ்துளைக் கிணறுகள் அமைக்கின்றன. பணி முடிந்ததும் வண்டி புறப்பட்டுவிடும். உழவரிடம் எஞ்சுவது அறிமுக அட்டை ஒன்றே. பெயரும் எண்ணும் மட்டும் தாங்கிய அட்டையை யார் பேணுவர்? அதன் பின்புறத்தில் துளையின் மொத்த ஆழம், உறைக்குழாயின் நீளம், நீர் கண்ட அடி ஆகியவற்றை எழுதித் தரலாம். பின்னாளில் பழுதான மோட்டாரை மாற்றி இறக்கும்போது அக்குறிப்பே துணை. பளபளப்புப் பூச்சில் பேனா மை எளிதில் ஒட்டாது. ஆதலால் பின்புறம் பூச்சின்றி இருத்தல் வேண்டும். வங்கி அட்டையைப் போல 85.6 மி.மீ. நீளமும் 54 மி.மீ. அகலமும் கொண்டால் பணப்பையில் அடங்கும். பொன்னிற எழுத்து முதலிய ஒப்பனைகள் பிறகு. தொலைபேசி எண் பெரிதாக அமையட்டும். அதைத் தேடுபவர் பெரும்பாலும் கோடை வெயிலில், நீர் வற்றிய கிணற்றருகே நிற்பவர்.