ஆயில் குடிக்கும் வண்டி

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். எடைக் கணக்கில் பெட்ரோல் ஒரு பங்கு என்றால் காற்று 14.7 பங்கு. டேங்கில் பத்து லிட்டர் நிரப்பிக்கொண்டு கிளம்பும் பைக், அது தீர்வதற்குள் 90,000 லிட்டர் காற்றை உள்ளே இழுத்துவிடுகிறது. அது நம் சாலைகளின் காற்று. லாரிக்குப் பின்னால் எழும் புழுதியும், எம்-சாண்ட் தூளும், செம்மண்ணும் கலந்தது. பைக் இன்ஜினில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கோளாறையும், அதற்காகத் திரும்பத் திரும்பக் கட்டும் பில்லையும் புரிந்துகொள்ள இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கோளாறு பலருக்கும் பழக்கமானதுதான். பிக்கப் குறைகிறது. சைலன்சரில் நீலப் புகை வருகிறது. ஆயில் மாற்றிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை. "வண்டி ஆயில் குடிக்குதுண்ணே, இன்ஜின் பிரிச்சாகணும்" என்கிறார் மெக்கானிக். சிலிண்டர் பிளாக், பிஸ்டன், ரிங், கேஸ்கெட் செட், லேபர் என ஆயிரக்கணக்கில் பில் வருகிறது. சில மாதம் வண்டி புதுசுபோல ஓடுகிறது. பிறகு அதே நீலப் புகை. இன்னொரு பட்டறைக்குப் போனால், "போன தடவை டூப்ளிகேட் போட்டுட்டாங்க" என்ற பதிலோடு அதே வேலை மறுபடி தொடங்குகிறது. வண்டியை வைத்தே பிழைக்கும் கொரியர், டெலிவரி ஊழியர்களுக்கு இது செலவு மட்டுமல்ல; வண்டி பட்டறையில் நிற்கும் நாளெல்லாம் கூலியும் போகிறது.

இரண்டு முறையும் மாற்றப்பட்டது தேய்ந்துபோன பாகம். அது ஏன் தேய்ந்தது என்ற கேள்வியை இரண்டு முறையும் யாரும் கேட்கவில்லை.

நம் ஊரில் அதிகம் ஓடும் 100 சிசி வண்டியையே எடுத்துக்கொள்வோம். ஹீரோ ஸ்ப்ளெண்டரின் இன்ஜின் 97.2 சிசி. சிலிண்டரின் விட்டம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் பயணிக்கும் தூரம் 49.5 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது பிஸ்டன் ஒரு நொடிக்குள் 100 முறை ஏறி 100 முறை இறங்குகிறது. இப்படி ஓடும் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே விடப்படும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு.

அந்த இடைவெளியை அடைப்பவை ரிங்குகள். மேலே இருக்கும் இரண்டும் எரியும் வாயு கீழே கசியாமல் தடுக்கின்றன. மூன்றாவது, ஆயில் ரிங், சுவரில் தெறித்த ஆயிலை வழித்துக் கீழே அனுப்பி, மெல்லிய படலத்தை மட்டும் விட்டுவைக்கிறது. வெட்டு விட்ட, தானாகவே விரிந்து சுவரைப் பிடிக்கும் உலோக ரிங்கை 1850-களில் உருவாக்கியவர் ஆங்கிலேய ரயில் பொறியாளர் ஜான் ராம்ஸ்பாட்டம். நீராவி இன்ஜினுக்காகச் செய்த அந்த ஏற்பாடு இன்றுவரை அடிப்படையில் மாறவில்லை. வெடிப்பு நடக்கும்போது வாயுவின் அழுத்தமே ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதைச் சுவரோடு அழுத்துகிறது என்பது இதன் அழகு.

இப்போது இந்த இடத்துக்குள் புழுதி வந்தால் என்ன ஆகும்? மண்ணில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கடினத்தன்மைக்கான மோஸ் அளவுகோலில் அதற்கு 7. சிலிண்டர் செய்யப்படும் வார்ப்பிரும்பு அதைவிட மென்மையானது. கண்ணுக்குத் தெரியும் மணல் துகளைவிட, ஆயில் படலத்தின் தடிமனை ஒட்டிய அளவில் உள்ள நுண்துகள்தான் கொடியது. படலத்தோடு சேர்ந்து உள்ளே போய், ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே உருண்டு இரண்டையும் அரைக்கிறது. ஹெட் வேலை செய்யும்போது வால்வைச் சீட்டில் பொருத்த மெக்கானிக்குகள் கிரைண்டிங் பேஸ்ட் தடவித் தேய்ப்பார்கள். ஆயிலில் கலந்த புழுதி அதே பேஸ்ட்தான். வித்தியாசம் ஒன்றே. அங்கே மெக்கானிக் போதுமென்று நிறுத்துகிறார், இங்கே நிறுத்த யாருமில்லை.

புழுதி எப்படி உள்ளே வருகிறது? பெரும்பாலும் ஏர் ஃபில்டர் வழியாக; சரியாகச் சொன்னால், ஃபில்டரை நாம் நடத்தும் விதத்தால். வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது காகித ஃபில்டரைக் கழற்றிக் கம்ப்ரசர் காற்றால் ஓங்கி அடிப்பது ஊரெங்கும் உள்ள பழக்கம். அந்த வேகத்தில் காகிதம் நுண்ணிதாகக் கிழிகிறது. இன்று பல வண்டிகளில் வருவது பிசுபிசுப்பான திரவம் தோய்த்த காகிதம். அதைக் காற்றடித்தோ கழுவியோ சுத்தம் செய்யக் கூடாது, குறித்த கிலோமீட்டரில் மாற்ற மட்டுமே வேண்டும் என்று கையேடு சொல்கிறது. சில நூறு ரூபாய்ப் பொருளை மிச்சம் பிடித்து, பல ஆயிரம் ரூபாய் பிளாக்கை இழக்கிறோம். ஃபில்டர் பெட்டியின் மூடி சரியாக உட்காராதது, பெட்டிக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் பூட் வெடித்திருப்பது ஆகியவையும் இதே கேட்டைச் செய்யும். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் வெடித்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து இன்ஜின் கூடுதலாகச் சூடேறவும் செய்யும்.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஃபில்டரைத் தாண்டி இன்ஜின் பக்கமாகப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால் காரணம் கிடைத்துவிட்டது. அதைச் சரிசெய்யாமல் எத்தனை பிளாக் மாற்றினாலும் அதுவும் தேயும்.

எல்லா நீலப் புகையும் ரிங்கிலிருந்து வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் குபீரென்று புகை வந்து பிறகு அடங்கினால், அல்லது இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டுத் திரும்ப முறுக்கும்போது மட்டும் வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது வால்வ் சீலை. சிறிய ரப்பர் துண்டு. அது கெட்டிப்பட்டுப் போனால் ஹெட்டில் இருக்கும் ஆயில் வால்வ் தண்டு வழியே இறங்கி எரியும். பாரத்தோடு மேடு ஏறும்போது விடாமல் புகை தள்ளினால்தான் ரிங், சிலிண்டர் மீது சந்தேகம் வலுக்கிறது. வால்வ் சீல் போன வண்டிக்குப் பிளாக் மாற்றினால், புகை நிற்காதது மெக்கானிக்குக்கே புதிராக இருக்கும்.

ரிங், சிலிண்டர் மீதான சந்தேகத்தை இன்ஜினைத் திறப்பதற்கு முன்பே ஓரளவு உறுதிசெய்ய முடியும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி, ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திறந்துவைத்து உதைத்துப் பார்க்க வேண்டும். அழுத்தம் குறைவாக இருந்தால் ஒரு ஸ்பூன் ஆயிலை உள்ளே ஊற்றி மறுபடி அளக்க வேண்டும். இப்போது அழுத்தம் ஏறினால், ஊற்றிய ஆயில் ரிங்கின் இடுக்கை அடைத்திருக்கிறது. தேய்மானம் ரிங்கிலோ சிலிண்டரிலோதான். ஏறவில்லை என்றால் வால்வைப் பார்க்க வேண்டும். இன்னொரு வழி, கம்ப்ரசர் காற்றைப் பிளக் ஓட்டை வழியே செலுத்தி எங்கே சீறுகிறது என்று காதுகொடுப்பது. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ், கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வ், ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் ஆயில் குறைவது உண்டு. வால்வ் சீல் கெட்டிருக்கலாம்; அல்லது ஆயிலைக் காலத்தில் மாற்றாததால் கரி படிந்து, ஆயில் ரிங் மட்டும் பள்ளத்திலேயே இறுகிக்கொண்டிருக்கலாம். இந்தச் சோதனைகள் அரை மணி நேர வேலை. எந்தப் பட்டறையும் இதைச் செய்யலாம். கேட்பவர் இல்லாததால் பெரும்பாலும் செய்வதில்லை.

திறந்த பிறகும் அளவுதான் பேச வேண்டும். சிலிண்டர் ஒரே சீராகத் தேய்வதில்லை. பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் இடத்தில் ஒரு கணம் வேகம் சுழியாகிறது; ஆயில் படலம் அங்கே மிக மெல்லியது, வெப்பமோ அதிகம். ஆகவே மேற்பகுதி அதிகம் தேய்கிறது; வட்டமும் கோணிக்கொள்கிறது. போர் கேஜால் மூன்று உயரங்களில், இரண்டு திசைகளில் அளந்தால்தான் இது தெரியும். கோணிய சிலிண்டரில் புது ரிங் மட்டும் போட்டுத் தருவது வாடிக்கையாளரின் காசை மிச்சப்படுத்துவதுபோலத் தோன்றும். வட்டமான ரிங் அந்தச் சுவரில் ஒட்டவே ஒட்டாது. லேத்தில் போர் செய்து 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடலாம். நிக்கல்-சிலிக்கன் கார்பைடு பூச்சு கொண்ட சிலிண்டர் என்றால் சாதாரண லேத்தில் போர் செய்ய வழியில்லை.

அடிக்கடி கோட்டைவிடும் இன்னொரு இடம் கழுவுவது. ஹோனிங் (கல்லால் தேய்த்து மெருகிடுவது) செய்தபின் சிலிண்டரில் குறுக்குமறுக்காக நுண்கோடுகள் இருக்கும். ஆயிலைத் தாங்கிப் பிடிக்கத்தான் அவை. ஆனால் ஹோனிங் கல்லின் பொடியும் அந்தக் கோடுகளுக்குள்ளேயே தங்குகிறது. மண்ணெண்ணெயோ பெட்ரோலோ அதை முழுதாக எடுக்காது. சோப்புப் போட்ட வெந்நீரில் பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை துடைத்து, உடனே ஆயில் தடவ வேண்டும். இதோடு கிராங்க் பக்கமுள்ள சுழல் ஆயில் ஃபில்டரையும் கம்பி வலையையும் சுத்தம் செய்யாமல் விட்டால், பழைய பிஸ்டன் உதிர்த்த பொடி புதுப் பிஸ்டனைத் தேடி வந்துவிடும்.

2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பிஎஸ்-6 வண்டிகளில் தாமதம் இன்னும் விலை கூடியது. எரியும் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் சைலன்சரில் இருக்கும் வினையூக்கி மாற்றியில் படிந்து அதைச் செயலிழக்க வைக்கிறது. அதனால் புகை தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி டிப்ஸ்டிக்கைப் பார்க்கும் பழக்கம் வாரம் ஒருமுறை இருந்தாலே ஆயில் குறைவது தெரிந்துவிடும். சிறிய வண்டிகளில் இருக்கும் ஆயிலே ஒரு லிட்டரை ஒட்டித்தான். அதில் கால் லிட்டர் குறைவதும் பெரிய இழப்பு.

வேலைக்கு விடும்போது மூன்றைக் கேட்டு வாங்குங்கள். திறக்கும் முன் எடுத்த கம்ப்ரஷன் அளவு, திறந்தபின் எடுத்த சிலிண்டர் அளவு, கழற்றிய பழைய பாகங்கள். அளவுகளைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். செய்த வேலை தவறாகி அதே கோளாறு திரும்பினால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது சேவைக் குறைபாடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. ஆனால் அங்கே பேசுவது பில்லும் அளவும்தான். இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.