அழைப்புக்குக் காத்திருந்த காவலர்கள்

ஒலிம்பிக் போட்டி என்றவுடன் ஓடுகளமும் பதக்க மேடையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், அரங்கினுள் நுழையும் பார்வையாளர் முதலில் சந்திப்பது விளையாட்டு வீரரை அன்று. பையைத் திறந்து காட்டச் சொல்லும் பாதுகாப்புப் பணியாளரையே. சில வாரங்களே நீடிக்கும் அப்பணிக்கு ஆயிரக்கணக்கானோரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்து, உரிய நாளில் உரிய வாயிலில் நிறுத்துவது எத்துணைக் கடினம் என்பதை 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் உணர்த்தியது.

பெருகிய தேவை

போட்டியை நடத்தும் வாய்ப்பு 2005 சூலை 6 அன்று இலண்டனுக்குக் கிடைத்தது. மறுநாளே அந்நகரின் சுரங்கத் தொடர்வண்டிகளிலும் ஒரு பேருந்திலும் குண்டுகள் வெடித்து 52 பேர் உயிரிழந்தனர். எனவே, பாதுகாப்பு தொடக்கத்திலிருந்தே பெருங்கவலையாயிற்று. அரங்கப் பாதுகாப்புக்கு ஏறத்தாழ 10,000 பேர் போதும் என முதலில் மதிப்பிடப்பட்டது. 2011 இறுதியில் அவ்வெண்ணிக்கை 23,700 ஆக உயர்ந்தது. ஜி4எஸ் என்னும் தனியார் நிறுவனம் 2,000 பேரை அளிப்பதாக 2010இல் ஒப்பந்தம் செய்திருந்தது. போட்டிக்கு ஏழு மாதங்களே இருந்த நிலையில், 10,400 பேரை அளிக்க வேண்டும் என அவ்வொப்பந்தம் திருத்தப்பட்டது.

பணியாளர் உருவாகும் வழி

அக்காலத்தில் பிரித்தானியாவில் வேலையற்றிருந்த இளைஞர் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர். குறுகிய காலப் பணியாயினும், மாணவரும் வேலை தேடுவோரும் அதனை ஒரு நல்வாய்ப்பாகக் கருதி விண்ணப்பித்தனர். விண்ணப்பித்தவர் நேர்காணலில் தேற வேண்டும். அவருடைய பின்புலம் சரிபார்க்கப்பட வேண்டும். பைகளைச் சோதித்தல், ஊடுகதிர்க் கருவியின் திரையில் தெரியும் உருவங்களை இனங்காணுதல், கூட்டத்தை நெறிப்படுத்துதல் முதலியவற்றில் அவர் பயிற்சி பெற வேண்டும். பின்னர் அடையாள அட்டை, சீருடை, பணிநேரப் பட்டியல் ஆகியன அவரைச் சென்றடைய வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் அவர் வாயிலில் நிற்க இயலாது.

அறுந்த சங்கிலி

இச்சங்கிலி பல இடங்களில் அறுந்தது. பயிற்சி முடித்த பலர் அடையாள அட்டைக்காகக் காத்திருந்தனர். அனைத்தும் பெற்ற சிலருக்கோ பணிநேரப் பட்டியல் வந்து சேரவில்லை. ஒருபுறம் ஆளில்லா வாயில்கள். மறுபுறம் அழைப்பை எதிர்நோக்கி வீட்டிலிருந்த பயிற்சி பெற்ற இளைஞர்கள். பற்றாக்குறைக்கும் காத்திருப்புக்கும் காரணம் ஒன்றே: எவர் எந்நிலையில் உள்ளார் என்பதை நிருவாகம் துல்லியமாக அறிந்திருக்கவில்லை.

தொடக்க விழா 2012 சூலை 27 அன்று நிகழவிருந்தது. ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்னரே, தேவையான ஆட்களை அளிக்க இயலாது என நிறுவனம் ஒப்புக்கொண்டது. உடனே 3,500 படைவீரரும், பின்னர் மேலும் 1,200 பேரும் கூடுதலாக வரவழைக்கப்பட்டனர். விடுப்பில் செல்லவிருந்த வீரர் பலர் அரங்க வாயில்களில் பணியாற்றினர். போட்டி பாதுகாப்பாக நடந்தேறியது. நிறுவனத்தின் தலைவர் நாடாளுமன்றக் குழுவின் முன் தோன்றி வருத்தம் தெரிவித்தார்.

எண்ணும் மனிதரும்

அக்குழு அவ்வாண்டு செப்டம்பரில் அளித்த அறிக்கை, பயிற்சியை நிறைவு செய்தும் தம் தவறின்றிப் பணி கிடைக்காதோரையும் மறக்கவில்லை. அவர்களுக்கு நிறுவனம் கருணைத்தொகை வழங்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. நாட்டின் பாதுகாப்பைப் படைவீரர் காத்தனர். ஆயினும், அவ்விளைஞர் இழந்த நாள்களும் ஊதியமும் நம்பிக்கையும் அதனால் மீளவில்லை.

10,400 என்பது ஒப்பந்தத்தில் ஓர் எண். அவ்வெண்ணுக்குள் இருந்த ஒவ்வொருவரும் ஒரு பெயரும் ஒரு வேலைநாளும் ஓர் எதிர்பார்ப்பும் உடையவர். தற்காலிகப் பணியாளரின் பணிக்காலம் குறுகியதாக இருக்கலாம். அவருக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதி குறுகியதன்று. ஆளைத் தேர்ந்தெடுப்பதோடு பொறுப்பு முடிவதில்லை; அவரைப் பணியிடத்தில் சேர்க்கும்வரை அது தொடர்கிறது. பெருவிழாக்களைத் திட்டமிடுவோர் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுவே.