மாயக்குரல் கலை: உதடு அசையாமல் பேசப் பழகுதல்

மாயக்குரல் கலை என்பது, ஒருவர் தம் உதடுகளை அசைக்காமல் பேசி, அக்குரல் கையிலுள்ள பொம்மையிடமிருந்தோ வேறோர் இடத்திலிருந்தோ வருவதுபோலத் தோன்றச் செய்யும் நிகழ்த்துகலை ஆகும். ஆங்கிலத்தில் இதனை வென்ட்ரிலோகுவிசம் என்பர். கே. பாலசந்தர் இயக்கிய 'அவர்கள்' (1977) திரைப்படத்தில் கமல்ஹாசன் ஏற்ற வேடத்தின் மூலம் தமிழ்ப் பார்வையாளர்களுக்கு இக்கலை நன்கு அறிமுகமானது.

இதனைக் கற்கத் தொடங்குவோர் பலர் சில வாரங்களிலேயே விட்டுவிடுகின்றனர். 'இதற்குப் பிறவியிலேயே தனித்தொண்டை வேண்டும்' என்று எண்ணிக்கொள்வதே அதற்கு முக்கியக் காரணம். இந்த எண்ணம் தவறானது. எல்லோருக்கும் உள்ள தொண்டையும் நாக்குமே இதற்குப் போதும். தேவைப்படுவது சரியான முறையும், அம்முறை பலன் தரும் என்று நம்பிக் காத்திருக்கும் பொறுமையும்தான்.

பெயரும் பழைய நம்பிக்கையும்

இலத்தீன் மொழியில் 'வென்டர்' என்றால் வயிறு; 'லோக்வி' என்றால் பேசுதல். ஆவிகள் சிலருடைய வயிற்றில் இருந்துகொண்டு பேசுவதாகப் பண்டைக் காலத்தில் நம்பினர். கிரேக்கத்தில் இவ்வாறு குறி சொல்வோர் இருந்தனர். பின்னாளில் இது மேடை வேடிக்கையாக மாறியது. உண்மையில் குரல் வயிற்றிலிருந்து வருவதில்லை. எல்லாப் பேச்சையும் போலவே குரல்வளையில் பிறந்து வாய் வழியாகத்தான் வருகிறது.

கேட்பவர் ஏமாறுவது எப்படி?

குரலைத் தூக்கி வேறிடத்தில் எறிய யாராலும் முடியாது. ஒலி வரும் இடத்தைத் துல்லியமாக அறிவதில் நம் காதைவிடக் கண்ணுக்கே வலிமை அதிகம். திரையரங்கில் ஒலிபெருக்கிகள் வேறு வேறு இடங்களில் இருந்தாலும், நடிகரின் வாயிலிருந்தே வசனம் வருவதாக உணர்கிறோம். வாய் அசையும் இடத்தில்தான் குரலும் இருக்கும் என்று மூளை முடிவு செய்துவிடுகிறது. கலைஞரின் உதடு அசையவில்லை, பொம்மையின் வாய் அசைகிறது என்றால், பேசுவது பொம்மை என்றே தோன்றும். ஆகவே கற்பவர் செய்யவேண்டியது பாதி வேலைதான். மீதியைப் பார்ப்பவரின் மூளையே செய்துகொள்ளும்.

கடினமான எழுத்துகள்

தமிழின் 18 மெய்யெழுத்துகளில் உதட்டின் உதவியால் பிறப்பவை மூன்று மட்டுமே. ப், ம் ஆகிய இரண்டும் இரு உதடுகளும் பொருந்துவதாலும், வ் மேற்பல்லும் கீழுதடும் பொருந்துவதாலும் பிறக்கின்றன. தொல்காப்பியத்தின் பிறப்பியல் இதனைத் தெளிவாகக் கூறுகிறது. 12 உயிரெழுத்துகளில் உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகிய ஐந்துக்கும் உதடு குவியும். மற்றவற்றை உதட்டை அசைக்காமலே ஒலிக்கலாம்.

இந்த எழுத்துகளை அறவே நீக்கிப் பாடும் 'நிரோட்டம்' என்னும் சித்திரகவி வகை தமிழில் உண்டு. துறைமங்கலம் சிவப்பிரகாசர் 17ஆம் நூற்றாண்டில் ஓர் அந்தாதியையே இம்முறையில் பாடியுள்ளார். கவிஞர் அவ்வெழுத்துகளை விலக்கிவிடலாம். மாயக்குரல் கலைஞருக்கு அது இயலாது. குழந்தை முதலில் கற்கும் 'அம்மா', 'அப்பா' என்ற சொற்களே அவருக்கு மிகக் கடினமானவை.

இதற்கு வழி மாற்றொலி. 'ப' வரும் இடத்தில், நாக்கின் நுனியை மேற்பல்லின் பின்புறம் மென்மையாக வைத்து 'த' போல ஒலிக்க வேண்டும். மனத்தில் 'ப' என்றே நினைக்க வேண்டும். 'ம' வரும் இடத்தில் 'ந' ஒலியையும், 'வ' வரும் இடத்தில் 'அது' என்னும் சொல்லில் வரும் மெல்லிய 'து'வின் ஒலியையும் ஒட்டிப் பழகலாம். 'அப்பா சாப்பிட்டாரா?' என்பது முதலில் 'அத்தா சாத்திட்டாரா?' என்றுதான் கேட்கும். நாளடைவில் நாக்கின் அழுத்தம் குறைந்து, ஒலி 'ப'வை நெருங்கும். எஞ்சிய குறையைச் சொல்லின் சூழலைக் கொண்டு கேட்பவரே நிரப்பிக்கொள்வார்.

உகரத்துக்கும் வழி உண்டு. 'காது', 'நாடு' ஆகிய சொற்களின் இறுதியிலுள்ள குற்றியலுகரத்தை நாம் உதடு குவிக்காமலே ஒலிக்கிறோம். அந்த நாக்கு நிலையை மற்ற உகரங்களுக்கும் விரிவுபடுத்த வேண்டும். தமிழ் பேசுவோர் தம்மை அறியாமலே இக்கலையின் ஒரு பாடத்தைக் கற்றிருக்கிறார்கள் எனலாம்.

பயிற்சி முறை

1. கண்ணாடி முன் அமர்ந்து, பற்களை மெல்லச் சேர்த்து, உதடுகளைச் சற்றே திறந்து, இளநகையுடன் இருக்கவும். நாக்கு வாய்க்குள் தடையின்றி அசைய வேண்டும்.

2. முதலில் கடின எழுத்துகள் இல்லாத சொற்களைப் பேசவும்: 'இங்கே சற்று நில்', 'யார் அங்கே' போன்றவை.

3. பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு கடின எழுத்தை எடுத்துக்கொள்ளவும். அது ஓரளவு வந்த பின்னரே அடுத்ததற்குச் செல்லவும்.

4. பொம்மைக்கு உங்கள் இயல்பான குரலிலிருந்து வேறுபட்ட குரலைத் தேர்ந்தெடுக்கவும். பொம்மை பேசும்போது நீங்கள் கேட்பவராக நடிக்கவும்.

5. கைப்பேசியில் பதிவு செய்து இரண்டு முறை சோதிக்கவும். ஒருமுறை கண்ணை மூடிக் கேட்கவும்; சொல் புரிகிறதா என்று தெரியும். மறுமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்கவும். உதடு அசைகிறதா என்று தெரியும்.

நாள்தோறும் கால் மணி நேரம் பழகுவது, வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் பழகுவதைவிட நல்லது. தொண்டை வலித்தால் உடனே நிறுத்த வேண்டும். வலியைப் பொறுத்துக்கொள்வது விடாமுயற்சி ஆகாது.

முப்பத்திரண்டு ஆண்டுகள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1965இல் பிறந்த டெரி ஃபேட்டர், பத்து வயதில் பள்ளி நூலகத்தில் கிடைத்த ஒரு நூலைக் கொண்டு இக்கலையைப் பழகத் தொடங்கினார். பின்னர் இசைக்குழுவில் பாடினார். சந்தைகளிலும் விழாக்களிலும் நிகழ்ச்சிகள் நடத்தினார். ஒரு நிகழ்ச்சிக்குப் பார்வையாளராக ஒரே ஒரு சிறுவன் மட்டும் வந்திருந்ததாக அவரே கூறியிருக்கிறார். புகழ்பெற்ற பாடகர்களின் குரலில், உதடு அசையாமல் பொம்மைகளைப் பாடவைக்கும் திறனை அவர் வளர்த்துக்கொண்டார். 2007இல், தம் 42ஆம் வயதில், 'அமெரிக்காஸ் காட் டேலன்ட்' தொலைக்காட்சிப் போட்டியில் வென்றார். அதன்பின் லாஸ் வேகஸ் நகரின் பெரிய ஓட்டல் ஒன்றில் அவர் பெயரிலேயே அரங்கம் அமைந்தது.

அதே போட்டியில் 2017இல் வென்ற டார்சி லின் ஃபார்மருக்கு வயது 12 மட்டுமே. கூச்ச சுபாவம் கொண்ட அச்சிறுமி பொம்மையைக் கையில் எடுத்தது ஏறத்தாழ பத்து வயதில்தான். ஒருவருக்கு 32 ஆண்டுகள்; மற்றவருக்கு இரண்டு ஆண்டுகள்.

எதனை நம்புவது?

இவ்விரு வாழ்க்கைகளும் ஓர் உண்மையைக் காட்டுகின்றன. புகழ் எப்போது வரும், வருமா என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் திறனைப் பற்றி அவ்வாறு ஐயப்பட வேண்டியதில்லை. நாக்கு புதிய இடத்தைப் பழகிக்கொள்ளும் என்பதற்குக் காரணம் உண்டு. கண் காதை ஏமாற்றும் என்பதற்கும் காரணம் உண்டு. நேற்று 'அத்தா' என்று ஒலித்தது அடுத்த மாதம் 'அப்பா'வை நெருங்குகிறதா என்பதைக் கைப்பேசிப் பதிவே காட்டிவிடும்.

எனவே கற்பவர் புகழை நம்பித் தொடங்காமல், முறையை நம்பித் தொடங்குவது நல்லது. புகழ் வராவிட்டாலும் கற்ற திறன் வீண்போகாது. வீட்டுக் குழந்தைகளின் முன்னால் ஒரு பொம்மை வாய் திறந்து, உதடு அசையாமல் 'அம்மா' என்று அழைக்கும்.