எந்த டேங்க்?

ராமநாதபுரம் மாவட்டத் திருவாடானை வட்டாரத்துப் பாசன ஆவணங்களை ஆங்கிலத்தில் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் 'டேங்க்' வரும். மொட்டை மாடித் தொட்டியையும் ராணுவப் பீரங்கி வண்டியையும் மட்டுமே அந்தச் சொல்லால் அறிந்த பிள்ளைகள் திகைக்கத்தான் செய்வார்கள். இங்கே டேங்க் என்றால் கண்மாய்.

சொல்லின் பிறப்பிலேயே வழக்கு இருக்கிறது. நிலத்தடித் தொட்டியைக் குறிக்கும் குஜராத்திச் சொல்லா, குளத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லா என்று 1886-இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியே விவாதிக்கிறது. ராணுவப் பொருள் பின்னால் ஒட்டியது. முதல் உலகப் போரில் தான் ரகசியமாகச் செய்த கவச வண்டிகளைத் தண்ணீர்த் தொட்டிகள் என்று சொல்லி மறைத்தது பிரிட்டன். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில் அவை இறங்கின. பெயர் நிலைத்துவிட்டது.

ராமநாதபுரத்துக்காரருக்குக் கண்மாய் வேறு, ஊருணி வேறு. சரிவில் ஓடிவரும் மழைநீரைத் தாழ்ந்த பக்கம் கரை போட்டு மறிப்பது கண்மாய். மேட்டுப் பக்கம் தண்ணீர் வரத் திறந்தே கிடக்கும். மடை திறந்தால் வயலுக்குப் பாயும், மிஞ்சியது கலுங்கு வழியே வழியும். ஊருணியோ குடிக்கத் தோண்டியது. பக்கத்து ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று ஊரார் சொல்வார்கள். ஒரு நாரை ஒரே மூச்சில் கடக்க முடியாத அந்த நீர்ப்பரப்பும் ஆங்கிலத்தில் டேங்க். கோயில் தெப்பக்குளமும் டேங்க். இத்தனை நுட்பமான வேறுபாட்டை ஒரே சொல்லில் அடைத்தது நமக்குப் பெரிய இழப்பு.

சென்னையிலும் இதே குழப்பம்தான். 1920-களில் தூர்க்கப்பட்டு தியாகராய நகருக்கு இடம் கொடுத்த ஏரி, ஆவணங்களில் 'லாங் டேங்க்'. அதன் ஓரமாக இருந்த மேற்கு மாம்பலம் தெருவுக்குப் பெயரோ 'லேக் வியூ ரோடு'. இலங்கையில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தையும் ஆங்கிலத்தில் டேங்க் என்றே எழுதுகிறார்கள்.

கலுங்கோ மொழிபெயர்ப்புக்கு இடம் கொடுக்கவில்லை. பழைய ஆங்கில ஆவணங்களில் 'கலிங்குலா' என்று தமிழாகவே உட்கார்ந்திருக்கிறது. கண்மாய் நீர் பாயும் நிலப்பரப்பைச் சொல்லும் ஆயக்கட்டும் அப்படித்தான், 'அயகட்' ஆனது. டேங்க் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அயகட் கணக்கு இருந்தால், அது வயலுக்குப் பாயும் கண்மாய் என்று தயங்காமல் படிக்கலாம். ஊருணியாக இருந்தால் இந்த மாவட்டத்து அதிகாரிகள் பெரும்பாலும் 'ஊரணி' என்றே ஆங்கில எழுத்தில் எழுதிவிடுகிறார்கள்.