பேரம் பேசாத கடை

கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிறோம். கைலிக்குப் பேரம் பேசுகிறோம். சந்தையிலே மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து, துண்டுக்குள் விரலை மறைத்து விலை பேசுகிறோம். ஆனால், தோழர்களே, மருந்துக் கடைப் படி ஏறியதும் நம் வாய் அடைத்துப் போகிறதே, ஏன்? சீட்டை நீட்டுகிறோம். சொன்ன தொகையைக் கொடுக்கிறோம். சில்லறையை எண்ணிப் பார்க்கவும் மனமில்லாமல் திரும்புகிறோம். வீட்டிலே படுத்துக் கிடப்பது பெற்ற பிள்ளையாயிற்றே, அங்கே போய்ப் பேரமா பேசுவது!

அந்த ஒரு கணத்து மௌனத்தின் மேல் ஒரு பெரும் வாணிபம் எழுந்து நிற்கிறது. 48 கடைகளுடன் அதிலே இறங்கி, 4,400 கடைகளுக்கு மேல் கட்டியாளும் ஒருவரின் கதையை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

வளையமாதேவிக்காரனுக்கு மருந்துக் கடை முதலாளியின் கதை எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். 2023 ஜூலை 26 அன்று சுரங்க விரிவாக்கத்திற்காக, பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய் வெட்ட, பயிர் நின்ற வயலிலே மண்வாரி இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. நிலத்தை 2006 முதல் 2013 வரையிலேயே எடுத்தாகிவிட்டது என்றது நிறுவனம். உழுது விதைத்தவன் கண் முன்னே பயிர் மடிந்தது. ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடு என்றது சென்னை உயர்நீதிமன்றம். சரி, பணம் வந்தது, செலவழிந்தது. அதற்குப் பிறகு? நிலம் இருந்தவரை சோறு வீட்டிலே இருந்தது; கையில் வந்த கூலி மற்றச் செலவுக்கு. நிலம் போனபின் அரிசியும் காசுக்கு, காய்கறியும் காசுக்கு. அந்தக் கூலிக் காசிலே கேட்காமல் கைவைக்கும் முதல் கடன்காரன் நோய். நிரந்தரத் தொழிலாளியின் குடும்பத்துக்கு நெய்வேலி நகரியத்தில் நிறுவனத்தின் மருத்துவமனை இருக்கிறது. அந்த வாசலுக்கு உரிமையில்லாதவன் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கிறான். வேலையை விட்டு வரிசையில் நிற்க முடியாத நாளில் கடைத்தெரு மருந்துக் கடைக்குப் போகிறான். ஆகவே கடையின் கதை அவன் கதைதான்.

மதுக்கர் கங்காடி என்பது அந்த முதலாளியின் பெயர். ஆந்திர நாட்டுக்காரர். மருத்துவப் பட்டம் பெற்றவர். ஊசி மருந்தும் இதயத்துடிப்புக் குழலுமாக இருந்திருக்க வேண்டியவர், அமெரிக்காவுக்குச் சென்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளியில் வணிக நிர்வாகம் படித்தார். திரும்பி வந்து 2006இல் ஐதராபாத்தில் ‘மெட்பிளஸ்’ என்ற பெயரில் ஒரேயடியாக 48 மருந்துக் கடைகளைத் திறந்தார். போலி மருந்து நடமாடும் நாட்டிலே, நம்பி வாங்கத்தக்க கடை வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். காரணம் பொய்யல்ல. தெருமுனைக் கடையிலே கொடுக்கும் மாத்திரை எங்கிருந்து வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாத நிலை இருந்ததுண்டு.

அவர் கையாண்ட முறையைக் கவனிக்க வேண்டும். ஊருக்கு ஒன்றாகக் கடையைத் தூவவில்லை. ஒரு நகரை எடுத்துக்கொண்டு, தெருவுக்குத் தெரு நெருக்கமாகக் கடை வைத்து, நடுவிலே ஒரு கிடங்கு வைத்து, அங்கிருந்து சரக்கை ஓட்டினார். ஒரு கடையில் இல்லாத மருந்து அடுத்த கடையில் இருக்கும். இல்லையேல் கிடங்கிலிருந்து வந்து சேரும். சிறிய கடை, குறைந்த வாடகை. இடைத்தரகரைத் தள்ளிவிட்டு உற்பத்தியாளரிடமே கொள்முதல். ஆந்திரம், தெலங்கானா, கருநாடகம், தமிழ்நாடு, ஒரிசா, மேற்கு வங்கம், மராட்டியம் என்று 2021 மார்ச்சுக்குள் 2,000 கடைகள் தாண்டின. 2024 மார்ச்சில் 4,400க்கு மேல். சென்னை அப்பல்லோ கடைகளுக்கு அடுத்த இடம் இவருக்குத்தான்.

2021 டிசம்பரில் பங்குகளை வெளியிட்டார். பங்கு என்றால் என்னவென்று நெய்வேலித் தொழிலாளிக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. 2013இல் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் பங்குகளை மத்திய அரசு விற்க முனைந்தபோது வேலைநிறுத்தம் செய்தவர்கள் நீங்கள். வெளியார் கைக்குப் போகாமல் தமிழ்நாட்டு அரசு நிறுவனங்களே அந்தப் பங்குகளை வாங்கிய வரலாறும் உங்களுடையதே. ஆகவே இந்தக் கணக்கு உங்களுக்கு உடனே பிடிபடும்: மெட்பிளஸ் பங்கு ஒன்று 796 ரூபாய். திரண்ட தொகை 1,398 கோடி. அதிலே கம்பெனிக்குள் வந்தது 600 கோடி. மீதி 798 கோடி, முன்பே பணம் போட்டிருந்தவர்கள் தங்கள் பங்கை விற்றுப் பையில் போட்டுக்கொண்டது. சட்டப்படி சரிதான். ஆனால், ‘மக்கள் நலனுக்காகத் திரட்டிய மூலதனம்’ என்று யாராவது மேடையில் பேசினால், எத்தனை கோடி எங்கே போயிற்று என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

2023இல் மதுக்கர் ஒரு காரியம் செய்தார். காப்புரிமைக் காலம் முடிந்த மருந்துகளைத் தன் கம்பெனிப் பெயரிலேயே விற்கத் தொடங்கினார். அச்சடித்த விலையில் 50 முதல் 80 சதவீதம் வரை தள்ளுபடி! ஏழைக்கு இலாபமா? இலாபம்தான். இல்லையென்று சொல்ல மாட்டேன். நூறு ரூபாய் அட்டை இருபது ரூபாய்க்குக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வாங்கிக்கொண்டு வரும் வழியிலே ஒரு கேள்வி கேளுங்கள். இருபது ரூபாய்க்கு விற்றும் தயாரித்தவருக்குக் கூலி கிடைத்து, கடைக்கு வாடகை கிடைத்து, பங்குதாரருக்கும் ஏதோ கிடைக்கிறதென்றால், மீதி எண்பது ரூபாய் இத்தனை நாளும் யார் வீட்டுக்குப் போயிற்று? தள்ளுபடி என்பது முதலாளி கொடுத்த தானமாகத் தெரிகிறது. உண்மையிலே அது, அச்சடித்த விலை எவ்வளவு பெரிய புளுகு என்பதற்கு முதலாளியே கொடுத்த சாட்சியம்!

இந்தப் புளுகு எப்படிச் சட்டத்தின் கண்ணுக்குத் தப்பியது? தப்பவில்லை, சட்டமே இடம் விட்டது. முன்பு, 1995ஆம் ஆண்டு ஆணையின்படி, கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகளுக்கு உற்பத்திச் செலவைக் கணக்கிட்டு, அதன்மேல் வரம்பு வைத்து விலை தீர்மானித்தார்கள். 2013 மே மாதத்து ஆணை அந்த வழியை மாற்றியது. சந்தையிலே ஒரு சதவீதமோ அதற்கு மேலோ பங்கு உள்ள கம்பெனிகள் என்ன விலைக்கு விற்கின்றனவோ அதன் சராசரியை எடு, கடைக்காரருக்கு 16 சதவீதம் கூட்டு, அதுவே உச்ச விலை என்றது. செலவு என்ன என்ற கேள்வியே போயிற்று! கோழியின் எடையை நரிகளைக் கேட்டுச் சராசரி போட்ட கதைதான். அதுவும் இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும். பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துக்குக் கம்பெனி வைத்ததே தொடக்க விலை. ஆண்டுக்கு 10 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் மருந்தை மலிவாகச் செய்யும் ஆற்றலை இந்த நாடு இரவலாகப் பெறவில்லை. நீதிபதி இராசகோபால ஐயங்கார் 1959இல் கொடுத்த அறிக்கையின் வழியே 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் வந்தது. மருந்துப் பொருளுக்குத் தனியுரிமை இல்லை, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்றது அது. அதனால்தான் நம் நாட்டுத் தொழிற்சாலைகள் உலகுக்கே மலிவு மருந்து அனுப்பின. 2005இல் அந்தக் கதவு பாதி மூடப்பட்டது என்பது வேறு கதை. தொழிற்சாலை வாசலில் மலிவாக இருப்பது கடை வாசலுக்கு வருவதற்குள் எப்படிக் கொழுத்துப் போகிறது என்பதே நம் வழக்கு. 2018இல் டில்லிப் பகுதித் தனியார் மருத்துவமனைகள் நான்கின் பில்களை மருந்து விலை ஆணையம் ஆராய்ந்து, சில பொருள்களில் இலாபம் 1,737 சதவீதம் வரை போனதாகச் சொல்லிற்று. எழுத்துப் பிழையல்ல, தோழர்களே. எண்ணைத் திரும்பப் படியுங்கள்.

மருந்துக் கடையைச் சங்கிலியாகக் கோத்தவர்களில் மதுக்கர் முதல்வர் அல்லர். இங்கிலாந்திலே ஜெஸ்ஸி பூட் என்று ஒருவர் இருந்தார். 1850இல் நாட்டிங்காம் நகரில் பிறந்தவர். தகப்பன் வயலிலே கூலி வேலை பார்த்துப் பின் பச்சிலை மருந்துக் கடை வைத்தவர். பையனுக்குப் பத்து வயதிலே தகப்பன் போய்விட்டார். பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுத் தாயாரோடு கடையிலே நின்றான் பையன். பிற்காலத்திலே, ஒரு ஷில்லிங்குக்கு உடல்நலம் என்று பலகை மாட்டி, பேதி உப்பை டன் கணக்கில் வாங்கி, மற்ற கடைக்காரர்கள் வயிறெரிய மலிவு விலைக்கு விற்றான். மருந்தாளுநர் பட்டம் இல்லாதவன் எப்படிக் கடை வைக்கலாம் என்று படித்தவர்கள் சீறினார்கள். ஆனால் 1880இல் பிரபுக்கள் சபை ஒரு வழக்கிலே, ‘ஆள்’ என்று சட்டம் சொல்வதிலே கம்பெனி அடங்காது என்று தீர்ப்பளித்தது. வழி பிறந்தது. கம்பெனியை நிறுத்தி, பட்டம் பெற்றவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார் பூட். அன்றைக்குப் பிறந்ததுதான் சங்கிலிக் கடை: பட்டம் ஒருவருக்கு, கடை வேறொருவருக்கு! 1920இல் அத்தனையையும் அமெரிக்கக் கம்பெனிக்கு விற்றார். பல்கலைக்கழகத்துக்கு நிலம் கொடுத்தார். 1931இல் இறந்தார்.

அதன் பிறகு நடந்ததுதான் நமக்கு வேண்டியது. 1933இல் கம்பெனி மறுபடி இங்கிலாந்தார் கைக்கு வந்தது. அதே ஆண்டு பீஸ்டனில் புதுத் தொழிற்சாலை கட்டினார்கள். இயந்திரங்கள் அவ்வளவு வேகம். ஆள் குறைப்பு வரும் என்று எல்லோரும் நடுங்கினார்கள். பூட்டின் மகன் ஆளைக் குறைக்கவில்லை, நாளைக் குறைத்தார். வாரம் ஐந்து நாள் வேலை, கூலி குறையாது! சோதித்துப் பார்த்து 1934இல் நிலையாக்கினார்கள். மருந்துக் கம்பெனியிலே வந்த மாற்றம் இது. இலாபத்தைப் பங்குபோட வேறு வழியும் உண்டு என்று முதலாளி வீட்டுப் பிள்ளையே காட்டியிருக்கிறார்.

நம் ஊருக்கு வருவோம். கடையிலே நிற்கிறானே ஒரு பையன், அவன் யார்? நம் வீட்டுப் பையன்தான். வேலை, நிற்கும் வேலை. தமிழ்நாட்டில் கடை ஊழியர் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் வர 2021ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது! கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் போராடி 2018இலேயே பெற்றார்கள். மருந்துக் கடைக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். அடுத்த முறை போகும்போது கல்லாவுக்குப் பின்னே நாற்காலி இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள்.

அவன் மருந்தாளுநராக இருந்தால் அவனுக்கு இன்னொரு உரிமையும் உண்டு. 1948ஆம் ஆண்டு மருந்தாளுநர் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி, மருத்துவர் எழுதிய மருந்தைக் கொடுக்கும் உரிமை பதிவு பெற்ற மருந்தாளுநருக்கு மட்டுமே. சில கடைகளிலே சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒருவர் பெயர் தொங்கும். மருந்தை எடுத்துக் கொடுப்பவர் வேறொருவர். சான்றிதழை வாடகைக்கு விடுகிற அந்தக் கேவலத்தைச் சங்கிலிக் கடைதான் ஒழிக்கும் என்கிறார்கள் சிலர். ஒழித்தால் நல்லதே. ஆனால் சம்பளத்துக்கு நிற்கும் மருந்தாளுநர், முதலாளியின் சொந்தப் பெயர் மருந்து வேண்டாம், பக்கத்திலே மலிவானது இருக்கிறது என்று சொல்ல முடியுமா? சொன்னால் மறுநாள் வேலை இருக்குமா?

வம்புக் கேள்வியல்ல இது. 2023 ஆகஸ்ட் 2 அன்று தேசிய மருத்துவ ஆணையம், மருத்துவர்கள் கம்பெனிப் பெயரை எழுதாமல் மருந்தின் மூலப் பெயரையே எழுத வேண்டும் என்று விதி செய்தது. மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன. தரம் உறுதியில்லாத மருந்து நோயாளிக்குப் போகும் என்றார்கள். மூலப் பெயரை மட்டும் எழுதினால் எந்தக் கம்பெனி மருந்து என்று தீர்மானிப்பது கடைக்காரர் ஆகிவிடும், அவர் தனக்கு அதிக இலாபம் தருவதையே கொடுப்பார் என்றார்கள். முதல் வாதத்திலே சுயநலம் கலந்திருக்கலாம். இரண்டாவதில் உண்மை இருக்கிறது. அதே மாதத்திலேயே விதி நிறுத்தி வைக்கப்பட்டது. மூன்று வார ஆயுள்!

கடைக்காரர் இலாபத்துக்கு அடிமையாகாத கடை உண்டா என்றால், தமிழ்நாட்டில் அதற்கும் சுவடு இருக்கிறது. 1904இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் இந்திய நாட்டுக் கூட்டுறவுக் கடைகளுக்கே மூத்தது. 1994இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்தையெல்லாம் மூலப் பெயரிலே, மொத்தமாக, ஒப்பந்தப் புள்ளி கோரி வாங்கி, சோதித்து, ‘விற்பனைக்கன்று’ என்று அச்சிட்டு அனுப்பத் தொடங்கியது. மற்ற மாநிலத்தார் வந்து பார்த்துக் கற்றுப் போனார்கள். 2014 ஜூனில் கூட்டுறவுத் துறையின் கீழ் அம்மா மருந்தகங்கள் வந்தன. 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. பி.பார்ம், டி.பார்ம் படித்தவர் சொந்தமாகக் கடை வைக்க 3 லட்சம் ரூபாய் மானியம் என்றது அந்தத் திட்டம். பூட் காலத்திலே பிரிந்த பட்டமும் கடையும் மறுபடி ஒரே கையில் சேர இடம் கொடுத்தது அது.

இங்கேதான் நம் பகுதிக்கு ஒரு வேலை இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே மருந்தாளுநர் படிப்பு இருக்கிறது. நிலம் போன குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நிறுவனத்தில் வேலை கேட்டு மனு எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். அதோடு, அப்படிப் படித்து வெளிவரும் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கூட்டுறவுக் கடை வைக்க முடியுமா, தனித்தனியே கையை ஏந்தாமல் மொத்தமாகக் கொள்முதல் செய்ய முடியுமா என்று தொழிற்சங்கக் கிளைகள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். மதுக்கர் கங்காடி ஐதராபாத்தில் முதலில் போட்டதும் அந்தக் கொள்முதல் கணக்கைத்தான்.