எத்தனை அடி ஏறும்?

2024 டிசம்பர் 2, திங்கட்கிழமை. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தும் மழை விடவில்லை. திருவண்ணாமலையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் சாத்தனூர் அணை, 119 அடி முழு உயரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. விடிவதற்குள் தென்பெண்ணை ஆற்றில் திறந்துவிட்ட தண்ணீர் நொடிக்கு 1,68,000 கன அடியைத் தொட்டது. 12,000 லிட்டர் லாரிகள் ஏறத்தாழ நானூறு, ஒவ்வொரு நொடியும் ஆற்றில் கவிழ்வதுபோல. கரையோர ஊர்கள் மூழ்கின. அகரம்பள்ளிப்பட்டில், திறந்து மூன்று மாதமே ஆன உயர்மட்டப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு; நள்ளிரவில் திறந்துவிட்டார்கள் என்றன எதிர்க்கட்சிகள். என்னை வாட்டுவது வேறொன்று. ‘ஒன்றரை லட்சம் கன அடி’ என்று ஒலிபெருக்கியில் சொன்னால், ஆற்றோரம் மாடு கட்டியிருப்பவருக்கு என்ன விளங்கும்? தன் வாசலில் தண்ணீர் எத்தனை அடி நிற்கும் என்பதல்லவா அவருக்குத் தெரியவேண்டும்?

அதைக் கணக்கிட முடியும். ஆற்றின் குறுக்கே, கரைக்குக் கரை, இடைவெளி விட்டு அளந்து குறுக்குவெட்டுகள் எடுக்க வேண்டும். நிதானமாக ஓடும் ஆற்றில் கணக்கு கீழிருந்து மேலே ஏறும்; கீழே இருக்கும் தடைதான் மேலே நீர்மட்டத்தைத் தூக்கி நிறுத்துகிறது. கீழே குறுக்கே நிற்கும் அணைக்கட்டைத் தாண்டும் நீரின் உயரம் தெரிந்தால் அதுவே தொடக்கம். அடுத்த வெட்டில் மட்டம் இவ்வளவு இருக்கும் என்று ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, இடையில் உராய்வு தின்னும் ஆற்றலைக் கணக்கிட வேண்டும். இரு வெட்டுகளின் ஆற்றல் கணக்கும் ஒத்துவராவிட்டால் எண்ணைத் திருத்தி மறுபடி போட வேண்டும். கையால் போட்டால் சலித்துப்போகும் இந்த வேலையைக் கணினி நொடியில் முடிக்கிறது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் நீரியல் மையம் இதற்காக எழுதிய ஹெக்-2, 1960களின் நிரல். அதன் வாரிசான ஹெக்-ராஸ் 1995இல் வந்தது. இன்று இலவசமாகவே கிடைக்கிறது.

கணினியை ஏமாற்றக்கூடியது, நாம் கொடுக்கும் சொரசொரப்பு எண். அயர்லாந்துப் பொறியாளர் மேனிங் 1889இல் முன்வைத்த சூத்திரத்தில் வருவது அது. சுத்தமான, நேரான ஆற்றுக்குச் சுமார் 0.03. சீமைக்கருவேலம் மண்டிக்கிடந்தால் அது இரட்டிப்பாகலாம், அதற்கு மேலும் போகலாம். இரட்டிப்பானால், அகலமான ஆற்றில் அதே வெள்ளத்துக்குப் பத்தடி ஆழம் பதினைந்தடி ஆகிவிடும். முள்ளை வெட்டாமல் விட்டதற்கு விலை, ஐந்தடி தண்ணீர்!

அணைக்கட்டு உடைந்தாலும் கணக்கு மாறும். 2021 வெள்ளத்தில் தென்பெண்ணையின் எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு சேதமானபோது, அதற்கு மேலே இருந்த பழைய மட்டங்களும் பொய்த்துப்போயிருக்கும். மணல் அள்ளிய இடத்திலும் அப்படியே. மதகு திறந்ததும் பாய்ந்துவரும் அலைக்கு இந்த நிலையான கணக்கு போதாது. பிரெஞ்சுப் பொறியாளர் செயின்ட் வெனான் 1871இல் தந்த சமன்பாடுகளை நேரத்தோடு சேர்த்துத் தீர்க்க வேண்டும். தண்ணீர் எத்தனை மணிக்கு எந்த ஊரைத் தொடும் என்பதை அதுதான் சொல்லும்.

50,000, ஒரு லட்சம், 1,70,000 கன அடி என்று தனித்தனியே கணக்குப் போட்டு, ஒவ்வொரு ஊர்ப் பள்ளிச் சுவரிலும் கோடிட்டு வைக்கலாம். வெள்ளம் ஒவ்வொன்றும் ஆற்றின் வயிற்றை மாற்றிவிடுவதால், குறுக்குவெட்டுகளைத் திரும்ப எடுக்காமல் பழைய கோடுகளை நம்பக் கூடாது. சித்திரையில் தென்பெண்ணை மணலாகக் கிடக்கும். அளவுகோலோடு இறங்க அதுதான் நேரம்.