நோயாளிகள் எங்கே போனார்கள்?

நாடெங்கும் ஒரு கொள்ளைநோய் பரவுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள், அதாவது நாம் பேச்சு வழக்கில் ‘கேஷுவால்டி’ என்று சொல்லும் இடத்துக்குள், எட்டிப் பார்த்தால் என்ன காண்போம்? நிற்க இடமில்லாத கூட்டம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

2019 ஏப்ரல் மாதத்தில் இங்கிலாந்தின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு ஏறத்தாழ 21 லட்சம் முறை நோயாளிகள் வந்தார்கள். கோவிட்-19 நோய் அந்நாட்டில் உச்சத்தில் இருந்த 2020 ஏப்ரலில் வந்தது 9,16,581 முறை. பாதிக்கும் குறைவு! அமெரிக்காவிலும் இதே கதைதான். வாரத்துக்குச் சுமார் 21 லட்சமாக இருந்த வருகை, அதே ஏப்ரலையொட்டிய நான்கு வாரங்களில் 12 லட்சமாகச் சரிந்தது. 14 வயதுக்கு உட்பட்ட சிறுவர் சிறுமியரிடையே சரிவு இன்னும் செங்குத்தாக இருந்தது. மூச்சுத் திணறலோடு வந்தவர்களால் தீவிர சிகிச்சை அறைகள் நிரம்பி வழிந்தன. அதே கட்டடத்தின் வாசலில் இருந்த அவசரப் பிரிவிலோ நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

வழக்கமாக வரும் அந்த மற்ற நோயாளிகள் எல்லாம் எங்கே போனார்கள்?

இந்த எண்களை வகுப்பில் கரும்பலகையில் எழுதி, “இதிலிருந்து என்ன தெரிகிறது?” என்று கேட்டேன். முன்வரிசை மாணவர் ஒருவர், “நோய்கள் குறைந்துவிட்டன, ஐயா” என்றார். பின்வரிசையிலிருந்து, “பயந்துகொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்” என்று இன்னொருவர் சொன்னார். இரண்டு பேருமே சரிதான். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. ஒரே விளைவை இரண்டு காரணங்கள் சேர்ந்து உண்டாக்கினால், எது எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

முதலில் முன்வரிசைக்காரரின் பக்கத்தைப் பார்ப்போம். ஊரடங்கில் சாலைகள் வெறிச்சோடிப் போயின. வாகனங்கள் மோதிக்கொள்வது குறைந்தது. விளையாட்டுத் திடல்கள் மூடிக் கிடந்தன. கை கால் முறிவு குறைந்தது. பள்ளிகள் மூடப்பட்டதால் குழந்தைகள் ஒருவருக்கொருவர் சளியையும் காய்ச்சலையும் பகிர்ந்துகொள்ளும் வாய்ப்பும் போயிற்று. சளி வைரஸ்கள் தூண்டிவிடும் ஆஸ்துமா இழுப்பும் பல நாடுகளில் குறைந்தது. கைக்குழந்தைகளின் நுண் மூச்சுக்குழல்களைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ், ஒவ்வொரு குளிர்காலமும் மேலைநாட்டுக் குழந்தை மருத்துவமனைகளை நிரப்பிவிடும். 2020-21 குளிர்காலத்தில் அது ஏறத்தாழக் காணாமலே போய்விட்டது. (ஆனால் கணக்கைத் தீர்க்காமல் விடவில்லை. 2021 கோடையில், தனக்கு வழக்கமே இல்லாத பருவத்தில், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் திரும்பி வந்தது.) ஆகவே வருகைக் குறைவில் ஒரு பகுதி மெய்யான குறைவு. அதைப் பற்றி வருத்தப்பட எதுவும் இல்லை.

இனிப் பின்வரிசை. பயத்தை அளக்க ஏதாவது கருவி உண்டா? நேரடியாக இல்லை. ஆனால் காற்றின் வேகத்தை மரக்கிளை அசைவதைக் கொண்டு கணிப்பதுபோல மறைமுகமாக அளக்கலாம். அதற்கு, ஊரடங்கினால் ஒரே மாதத்தில் பெரிதாகக் குறைய நியாயமில்லாத ஒரு நோயை எடுத்துக்கொள்ள வேண்டும். மாரடைப்பு அப்படிப்பட்டது. இதயத் தமனியில் கொழுப்புப் படிவது பல ஆண்டு வேலை. சாலையில் கார் ஓடாததால் அது நின்றுவிடாது.

2019இல் இங்கிலாந்து மருத்துவமனைகளில் மாரடைப்பு, அதையொத்த இதய நோய் ஆகியவற்றுக்காக வாரத்துக்குச் சராசரியாக 3017 பேர் சேர்க்கப்பட்டார்கள். 2020 மார்ச் இறுதியில் இது 1813 ஆயிற்று. அதாவது 40 சதவிகிதம் குறைவு. இந்தச் சரிவு தொடங்கியது பிப்ரவரி நடுவில். அங்கே ஊரடங்கு அறிவிக்கப்பட்டதோ மார்ச் 23ஆம் நாள். அரசாணை வருவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே, செய்தித்தாளையும் தொலைக்காட்சியையும் பார்த்துவிட்டு மக்கள் தாமாகவே மருத்துவமனையைத் தவிர்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதைவிட அழகான சான்று ஒன்று உண்டு. மாரடைப்பில் இரண்டு வகை. தமனி முழுவதும் அடைபட்டு, இ.சி.ஜி. வரைபடத்தில் ஒரு பகுதி மேலே தூக்கிக் காட்டும் வகை ஒன்று. பெரும்பாலும் பகுதி அடைப்பினால் வரும், அப்படித் தூக்கிக் காட்டாத வகை மற்றொன்று. முதல் வகையில் வலி பெரும்பாலும் தாங்க முடியாததாக இருக்கும். இரண்டாவதில் ‘வாயுவாக இருக்கும், காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட இடம் உண்டு. முதல் வகையின் குறைவு 23 சதவிகிதம். இரண்டாவதின் குறைவு 42 சதவிகிதம். நோய் உண்மையிலேயே குறைந்திருந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? தள்ளிப்போடக் கூடியது அதிகம் குறைந்திருக்கிறது. பின்வரிசைக்காரரின் பக்கம் தராசு சாய்கிறது.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? அடைபட்ட தமனிக்கு அப்பால் உள்ள இதயத் தசைக்கு ஆக்சிஜன் கிடைப்பதில்லை. மணிக்கணக்கில் அது கொஞ்சம் கொஞ்சமாக மடிகிறது, மடிந்தது மீண்டும் முளைப்பதில்லை. மூளையின் கணக்கு இன்னும் கொடியது. பெரிய ரத்தக்குழாய் அடைபட்ட பக்கவாதத்தில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அமெரிக்காவில் 2020 மார்ச் 13 அன்று தேசிய அவசரநிலை அறிவிக்கப்பட்ட பின் வந்த 10 வாரங்களில், மாரடைப்புக்காக அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் 23 சதவிகிதமும் பக்கவாதத்துக்காக வந்தவர்கள் 20 சதவிகிதமும் குறைந்தார்கள்.

ஹாங்காங்கில் ஒரு மருத்துவமனையில், வலி தொடங்கியதிலிருந்து மருத்துவ உதவியை நாடும் வரை ஆன இடைநிலை நேரம், முந்தைய ஆண்டில் 82.5 நிமிடம், 2020 ஜனவரி கடைசியிலும் பிப்ரவரி தொடக்கத்திலும் 318 நிமிடம். திடுக்கிட வைக்கும் எண்தான். ஆனால் இந்த இரண்டாவது எண் 7 நோயாளிகளிடமிருந்து மட்டுமே கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஏழே அளவீடுகளை வைத்து ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் முடிவு எழுதினால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். மற்ற நாடுகளின் பெரிய எண்களும் அதே திசையைக் காட்டுவதால்தான் இதை இங்கே சொல்கிறேன்.

வேறொரு எண்ணைத் தவறாகப் பயன்படுத்துவோரும் உண்டு. இத்தாலியின் லம்பார்டிப் பகுதியில் நான்கு மாவட்டங்களில், 2020 பிப்ரவரி 21 முதல் 40 நாட்களில் மருத்துவமனைக்கு வெளியே இதயத் துடிப்பு நின்றுபோனவர்கள் 362 பேர். முந்தைய ஆண்டு அதே நாட்களில் 229 பேர். 58 சதவிகித உயர்வு! “பாருங்கள், பயத்தின் விலை” என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். ஆனால் கூடுதலான 133க்கு எதிரில், கோவிட் உறுதியானவர்கள் அல்லது சந்தேகிக்கப்பட்டவர்கள் மட்டும் 103 பேர். உயர்வில் பெரும்பகுதிக்கு வைரஸின் நேரடித் தாக்குதலே காரணமாக இருக்கலாம். தாமதத்தின் பங்கு அதற்குள் கலந்திருக்கிறது.

சதவிகிதம் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். அந்த ஏப்ரலில் அமெரிக்க அவசரப் பிரிவுகளுக்கு வந்தவர்களில், தொற்றுநோய்ப் பரிசோதனை, தொடர்பு போன்ற காரணங்களுக்காக வந்தவர்களின் பங்கு முந்தைய ஆண்டைப்போல் 4 மடங்காயிற்று. அப்படியானால் அவர்கள் எண்ணிக்கையும் 4 மடங்கா? இல்லை. மொத்த வருகையே 21 லட்சத்திலிருந்து 12 லட்சமாகிவிட்டதே! 4ஐ 12/21 ஆல் பெருக்குங்கள், சுமார் 2.3 மடங்குதான் வரும். தொகுதி எண் மட்டுமல்ல, பகுதி எண்ணும் மாறியிருக்கிறது என்பதை மறந்தால் இந்தப் பிழை நேரும்.

பயம் எப்போதும் மக்களை வீட்டில்தான் அடைக்கும் என்றும் எண்ணிவிடாதீர்கள். 2003இல் சார்ஸ் நோய் தைவானில் பரவியபோது நோய் கண்டவர்கள் சில நூறு பேர்தான். ஆனால் அதன் உச்சத்தில் நாடு முழுவதும் வெளிநோயாளர் வருகை 23.9 சதவிகிதமும் உள்நோயாளர் சேர்க்கை 35.2 சதவிகிதமும் குறைந்தன. 2009இல் எச்1என்1 காய்ச்சல் வந்தபோது நேர்மாறு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், அந்தக் காய்ச்சல் பரவுவதற்கு முன்பே, அதைப் பற்றிய செய்தி பரவிய வாரத்திலேயே அவசரப் பிரிவுகளில் கூட்டம் கூடிற்று. குறிப்பாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் வந்தார்கள். ஏன் இந்த வேறுபாடு? என் ஊகம் இது: சார்ஸ் மருத்துவமனைக்குள்ளேயே பரவும் நோய் என்று பெயர் பெற்றது. அப்போது மருத்துவமனையே அபாயமாகத் தெரிந்தது. 2009இல் அது அடைக்கலமாகத் தெரிந்தது.

இனி என் பாடத்துக்குச் சற்று அருகே வருகிறேன். பாதிப் பேர்தான் வருகிறார்கள் என்றால் அவசரப் பிரிவு ஊழியர்களுக்குப் பாதி வேலைதான் என்று பொருளா? இதற்கு ஜான் லிட்டில் என்பவர் 1961இல் நிறுவிய ஓர் எளிய விதி விடை சொல்கிறது. தொட்டிக்குள் தண்ணீர் விழும் வேகமும் ஒவ்வொரு துளியும் தொட்டியில் தங்கும் நேரமும் தெரிந்தால், தொட்டியில் உள்ள நீரின் அளவைச் சொல்லிவிடலாம் அல்லவா? அதே கணக்குதான்:

உள்ளே இருப்போர் = ஒரு மணி நேரத்தில் வருவோர் × ஒருவர் தங்கும் மணி நேரம்.

எடுத்துக்காட்டாக, மணிக்கு 10 பேர் வந்து, ஒவ்வொருவரும் 4 மணி நேரம் தங்கினால் உள்ளே எப்போதும் சராசரியாக 40 பேர் இருப்பார்கள். வருகை 5 ஆகக் குறைகிறது. ஆனால் ஒவ்வொருவருக்கும் தொற்றுப் பரிசோதனை முடிவு வரக் காத்திருக்க வேண்டும், தனி அறை தேட வேண்டும், ஊழியர் பாதுகாப்பு உடை மாற்ற வேண்டும். தங்கும் நேரம் 8 மணியாகிறது. 5 × 8, மறுபடியும் 40! வருகை பாதியானாலும் அறை அப்படியே நிறைந்திருக்கும்.

அடுத்த படிதான் ஆபத்தானது. பயம் தெளிந்து மக்கள் பழையபடி மணிக்கு 10 பேர் வரத் தொடங்குகிறார்கள். தங்கும் நேரம் மட்டும் 8 மணியிலிருந்து இறங்கவில்லை. உள்ளே 80 பேர். நாற்காலியோ 40. இங்கிலாந்தில் ஏறக்குறைய இதுதான் நடந்தது. 2022 டிசம்பரில் அங்கே அவசரப் பிரிவு வருகை 22 லட்சத்தைத் தாண்டிற்று. அதற்குள் உள்நோயாளர் படுக்கைகள் நிறைந்துவிட்டன. குணமானவர்களை வீட்டுக்கோ முதியோர் இல்லத்துக்கோ அனுப்புவதில் தாமதம். ஆகவே அவசரப் பிரிவிலிருந்து மேல் மாடிக்குப் போக வழியில்லை. தொட்டியின் அடிக்குழாய் அடைத்துக்கொண்டது. நாலு மணி நேரத்துக்குள் 95 சதவிகித நோயாளிகளைக் கவனித்து முடிக்க வேண்டும் என்பது அங்கே வகுத்திருந்த இலக்கு; அந்த மாதம் முடிந்தது 65 சதவிகிதமே. உள்நோயாளராகச் சேர்க்க வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்த பிறகும் படுக்கை கிடைக்காமல் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் 54,000 பேருக்கும் அதிகம்.

இரண்டரை ஆண்டுகளுக்கு முன் வெறிச்சோடிக் கிடந்த அதே வாசலில், இப்போது ஆம்புலன்சுகள் நோயாளியை இறக்க இடமில்லாமல் வரிசையில் நின்றன.